தோட்டக் கோயிலுக்கு ஒரு மேலவை

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மேலவை வேண்டும் என்று தொண்டை வற்றப் பேசியவர் கமிட்டிச் செயலாளர் அர்ச்சுனன்தான். பேசாமல் என்ன செய்வார்? போன வருஷம் கார் நிறுத்த இடமில்லை என்று யாரோ முனக, கமிட்டி பத்தே நிமிஷத்தில் கை தூக்கி, அன்று சாயங்காலமே கோயில் வேப்பமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டது. மறுநாள் காலையில் மஞ்சள் துணி கட்ட வந்த பெண்கள் கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது. கிடைத்ததோ மூன்று கார் நிற்கிற இடம்.

"கோலாலம்பூர்ல மக்களவை முடிவு பண்ணாலும் மேலவைக்குப் போவுதா இல்லையா? நாடே ரெண்டு தரம் யோசிக்குது. நமக்கு ஒரு தரம் போதுமா லா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி கணேசமூர்த்தி தலைமையில் ஐந்து பெரியவர்கள் சபையானார்கள். விதிகளை அர்ச்சுனனே எழுதினார். கமிட்டி எதை முடிவு செய்தாலும் சபை கூடிப் பரிசீலித்த பிறகுதான் செல்லும். சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். அவசரக் கூட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கடைசி விதியை எழுதியபோது அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

அப்புறம் மகள் ஷாமினிக்கு மம்பாவ் ஊர்ப் பையன் மார்கஸோடு கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள். இருந்தாலும், "உங்க அம்மன் முன்னாலயே தாலி கட்டட்டும்" என்று மனசாரச் சொல்லிவிட்டார்கள். அர்ச்சுனன் புனிதாவுக்குத் தாலி கட்டியதும் அந்தச் சன்னதியில்தான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை இது.

கமிட்டித் தலைவர் முகுந்தன் டீ ஆறுவதற்குள் அனுமதி கொடுத்துவிட்டார். "இதுக்கெல்லாம் மீட்டிங்கா அண்ணே? போலே லா, தாராளமா முடியும்! நடத்துங்க."

ஆனால் கல்யாணம் பதினான்காம் தேதி. சபை கூடுவது இருபத்தோராம் தேதி. நாளைத் தள்ளவும் வழியில்லை, மார்கஸ் பதினேழாம் தேதி சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

அர்ச்சுனன் கணேசமூர்த்தி வீட்டுக்கு ஓடினார். "ஒரே ஒரு கையெழுத்துதான் ஐயா."

"நான் தனியா போட்டா அது சபையாப்பா? நீதான எழுதுன. எவ்ளோ அருமையா எழுதியிருக்க!" என்று விதிகளை எடுத்து, நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினார்.

முகுந்தனுக்குக் கோபம் வந்தது. "சபையே வேணாம்னு இன்னைக்கே தீர்மானம் போட்டுரவா அண்ணே?"

"போடலாம். அதையும் சபைதான் பரிசீலிக்கணும்," என்றார் அர்ச்சுனன்.

கல்யாணம் மம்பாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அந்த ஐந்து பெரியவர்கள்தான். தாலி ஏறியதும் அட்சதை போட்டுவிட்டு, கணேசமூர்த்தி அர்ச்சுனன் காதோரம் குனிந்தார்.

"கவலப்படாத அர்ச்சுனா. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்ல. இருபத்தொண்ணாந் தேதி கண்டிப்பா பாஸ் ஆயிரும்."

அர்ச்சுனன் உடைந்து அழுதுவிட்டார். மகளைப் பிரிகிற அப்பா அழுகிறார் என்று மண்டபமே நினைத்தது. பெரியவர்கள் ஐந்து பேரும், கூட்டம் எதுவும் கூட்டாமலே, அப்படித்தான் முடிவு செய்தார்கள்.