ஒண்ணு வை

பீரோ தூக்கித் தூக்கித்தான் என் தம்பி குத்துச்சண்டைக்காரன் ஆனான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தப்பு. தூக்குவதற்குச் சதை இருந்தால் போதும். அவன் பீரோவை இறக்கியவன். மூன்றாவது மாடியிலிருந்து குறுகலான படிக்கட்டில், பின்புறமாக நடந்து, ஒரு கீறல் விழாமல் இறக்கியவன். இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு நான் குத்துச்சண்டை பற்றிப் பேசுவதே இல்லை.

எங்களுக்கு வீடு மாற்றித் தரும் தொழில். வண்டி ஓட்டுவது நான். சாமான் கட்டுவதும் இறக்குவதும் என் வீட்டுக்காரரும் தம்பியும். கனமான சாமான் என்றால் தம்பி கீழ்ப்பக்கம் பிடிப்பான். பாரம் முழுக்க அவன் மேல்தான் இருக்கும். முகத்துக்கு முன்னால் பீரோ, முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மேல்பக்கம் பிடிக்கும் என் வீட்டுக்காரர்தான் பார்த்துக் குரல் கொடுப்பார். 'படி' என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. 'செவுரு' என்றால் இடது தோள் சுவரில் உரசப் போகிறது, உள்ளே இழு. 'வை' என்றால் கையை இறக்கி அப்படியே கீழே வை. அவருடைய குரலும் லேசுப்பட்டதில்லை. காதோடு ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

ஒரு நாள், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு மேலே குடியிருந்தவர்களின் வீட்டைக் காலி செய்யப் போயிருந்தோம். கூடத்து மாஸ்டர் கதவோரம் நின்று தம்பி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவன் தோளைத்தான் பார்ப்பார்கள். அவர் காலைப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய உடம்பு, கால் சத்தமே போடலையே," என்றார். "சாயங்காலம் சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போறியாப்பா?"

"அக்காவைக் கேக்கணும்," என்றான் கடா மாடு மாதிரி வளர்ந்திருந்த என் தம்பி.

"போ. ஆனா மூக்கை உடைச்சுக்கிட்டு வந்தா உனக்குப் பொண்ணு தேட என்னால ஆகாது," என்றேன்.

மூக்கு உடைந்தது. இரண்டு முறை உடைந்தது. ஆனால் அதற்குள் அவன் பெயர் பரவிவிட்டது. அவனுடைய முதல் அமெச்சூர் பந்தயத்தை நான் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நாற்காலி தேடுவதற்குள் எதிராளியைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். வட்டாரப் போட்டிகளில் அவனோடு மூன்று சுற்றும் முழுதாக நின்றவர்களே குறைவு. 'பீரோ, பீரோ' என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அரங்கமே எழுந்து நின்று கூப்பிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தண்ணீரும் துண்டும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக என் வீட்டுக்காரர் பந்தய மேடையில் அவன் மூலையில் சேர்ந்துகொண்டார். அமெச்சூர் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. சுற்று நடக்கும்போது மூலையில் இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இவரை மூன்று நிமிடம் வாய் மூடி இருக்கச் சொல்வது அநியாயம்தான், இருந்தாலும் எப்படியோ சமாளித்து வந்தார்.

தேசிய இறுதிப் போட்டி வரைக்கும் சமாளித்தார். அதில் ஜெயித்தால் தம்பி நாட்டு அணியில் வெளிநாடு போவான். கடைசிச் சுற்றில் அவன் கொஞ்சம் முன்னால் இருந்தான். எதிராளி களைத்துப் போய்க் கைகளைத் தொங்கவிட்டான். தாடை திறந்து கிடந்தது. அதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"வை!" என்று கத்தினார்.

ஒண்ணு வை, நல்லா வை என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான் புரிந்தது. ஒரே ஒருத்தனுக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது. என் தம்பி முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் பதவிசாக, அலுங்காமல் கீழே இறக்கினான்.

எதிராளிக்கு அதிர்ஷ்டம் வீடு தேடி வந்தது. ஒரே குத்து. தம்பி எழுந்து நின்றான், சுற்றையும் முடித்தான், ஆனால் கையில் இருந்த தங்கம் வெள்ளியாகிவிட்டது. மூலையில் இருந்தவர் கத்தியதற்காக நடுவரின் எச்சரிக்கை வேறு, அதில் ஒரு புள்ளியும் போனது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அழுதேன்.

வண்டியில் திரும்பினோம். பாதி வழியில் தம்பிதான், "மாமா, குரல் நல்லா கேட்டுச்சு," என்றான். அவனுக்கு அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் உதட்டைத் தைத்துக்கொண்டார். படிக்கட்டில் குரல் கொடுப்பார். பந்தய மேடைப் பக்கம் போனால் ஊமை. மூலையில் வாளியோடு உட்கார்ந்திருப்பார், முகம் மட்டும் பேசும்.

தம்பி தொழில்முறைக்கு மாறினான். அங்கே தலைக்கவசம் கிடையாது, கையுறையில் பஞ்சும் குறைவு, மூலையில் இருப்பவர்கள் கத்தினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நாலு சுற்று, ஆறு சுற்று, பத்து சுற்று என்று ஏறினான். பந்தயத்துக்கு மறுநாளைத் தவிர மற்ற நாளெல்லாம் எங்களோடு சாமான் இறக்கினான். இரண்டு முறை தோற்றான். ஒன்று புருவம் கிழிந்து போனதால். இன்னொன்று நடுவர்களுக்குக் கண் தெரியாததால்; இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். மற்றதெல்லாம் வெற்றி. விழுந்தவனை அவன் முறைத்துப் பார்த்ததில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் தன் மூலைக்கு வருவான். கனமான சாமானைக் கையாண்டு பழகியவன் அல்லவா.

ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பு வந்தபோது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. "இதை விட்டா இன்னொண்ணு வராது," என்று மாஸ்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்களுக்கும் தெரியும்.

சாம்பியன் இளையவன், உயரம் அதிகம். பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். நான் எங்கள் மூலைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். முதல் ஐந்து சுற்றும் தம்பியுடையவை. ஆறாவதில் சாம்பியனின் வலது கை தம்பியின் இடது கண்ணைப் பிடித்தது. எட்டாவது முடிவதற்குள் அந்தக் கண் தக்காளி மாதிரி வீங்கி மூடிக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் குத்து எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒன்று விடாமல் வாங்கினான்.

மருத்துவர் மேடையேறி வீக்கத்தை விரித்துப் பார்த்தார். "இதுலயே இன்னும் நாலு அடி விழுந்தா நான் நிறுத்திடுவேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். நிறுத்தினால் பட்டம் போச்சு.

"இடது கையை மேலயே வச்சுக்கோ," என்றார் மாஸ்டர்.

"மேலயே வச்சுக்கிட்டா நான் எதை வச்சுக் குத்தறது? எப்ப வருதுன்னு தெரிஞ்சா போதும்." தம்பி திரும்பி வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தான். "மாமா, குரல் குடுங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "வேணாம் மாப்ள. நான் வாயத் திறந்தா என்ன ஆகும்னு பாத்தல்ல."

"பாத்தேன். நீங்க சொன்னீங்க, நான் அப்படியே செஞ்சேன். இத்தனை வருஷமா பீரோ இறக்கறேனே, கண்ணால பாத்தா இறக்கறேன்?"

அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் பயம் இருந்தது. தட்டிக்கொடுத்துப் பேச எனக்கு வராது. "ஏங்க, வீட்ல என்கிட்ட கத்தறதுக்கு மட்டும்தான் அந்தத் தொண்டையா?" என்றேன்.

மணி அடித்தது. சாம்பியன் வட்டமிட்டு வந்து, வலது தோளை லேசாகப் பின்னால் வாங்கினான்.

"செவுரு!"

அரங்கமே அதிர்ந்தது. தம்பியின் இடது தோள் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே வந்தது. குத்து எலும்பில் மோதி நின்றது. அடுத்த நொடி தம்பியின் வலது கை சாம்பியனின் விலாவில் இருந்தது. மறுபடி, "செவுரு!" மறுபடி தோள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எதிர் மூலையில் ஒரு ஆள் நிஜமாகவே திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

பத்தாவது சுற்று, பதினொன்றாவது சுற்று. மருத்துவர் இரண்டு முறை ஏறி வந்து பார்த்தார்; வீக்கம் கூடவில்லை, நிறுத்தாமல் இறங்கிப் போனார். சாம்பியனின் வலது கை வலியில் தயங்க ஆரம்பித்தது. விலாவில் வாங்கி வாங்கி அவன் மூச்சு எனக்கே கேட்டது. பன்னிரண்டாவதில் தம்பிதான் முன்னே நடந்தான், சாம்பியன் பின்னே நடந்தான். பின்னால் நடப்பது எல்லோருக்கும் வந்துவிடாது. கயிற்றில் போய் முட்டிக்கொண்டான்.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தம்பி பக்கம். மேடை நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தபோது நான் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தேன். பின்னால் இருந்தவர், "கொஞ்சம் இறங்குங்கம்மா, மறைக்குது," என்றார். "அவன் என் தம்பிங்க," என்றேன். அவர் தானும் நாற்காலியில் ஏறி நின்றார்.

மைக்கோடு வந்தவர் முதலில் என் வீட்டுக்காரரிடம் போய் அது என்ன வித்தை என்று கேட்டார். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை போயே போய்விட்டது. தம்பி மைக்கை வாங்கிக்கொண்டான்.

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எப்படிங்க ஜெயிச்சீங்க?" என்று அவனைக் கேட்டார்கள்.

"யாரு ஒத்தைக் கண்ணு? சாம்பியனுக்கு ரெண்டு கண்ணு. எனக்கு மூணு," என்றான் என் தம்பி. "அதுல ரெண்டு எங்க மாமாவோடது."

என் வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய குரல்காரர், சத்தமே இல்லாமல் அழுதார். நான் நாற்காலியிலிருந்து இறங்கி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரிடமும் போனேன்.