கழித்தல் குறி

என் தம்பி அந்த விடுதியில் மோட்டார் போடுகிறவன். காலையில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போவான். மதியத்துக்குள் ஐந்து மாடியும் வறண்டுவிடும். ஐயா மோட்டாரே போடாமல் தூங்குகிறார் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். மாடியேறித் தொட்டியை எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இன்று மாலையோடு அவனுக்கு வேலை போகிறது.

குழாயில் ஓடும் தண்ணீரை அளப்பதுதான் என் பிழைப்பு. தம்பிக்காக வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“குழாய அறுக்கக் கூடாது” என்றார் மேலாளர். அறுக்கவே வேண்டாம். இரண்டு சென்சார்களைக் குழாயின் வெளிப்புறத்தில் கட்டினால் போதும். ஒன்று அனுப்பும் ஒலி தண்ணீரைக் கடந்து மற்றதுக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரும். இரண்டு பயணத்துக்கும் ஆகும் நேர வித்தியாசத்தில் ஓட்டம் தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து, மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் அந்தக் குழாயை யானைத்தோலாக்கி வைத்திருந்தார்கள். சிக்னல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒலி ஊடுருவப் பசை தடவி, சென்சார்களைப் பக்கவாட்டில் கட்டினேன். உச்சியில் கட்டினால் காற்றுக்குமிழி கழுத்தறுக்கும். அப்போதும் சிக்னல் நொண்டியது. கழற்றி, மயிரிழை தள்ளி, மறுபடி கட்டினேன்.

“விட்டுடுக்கா. எல்லாரும் சொல்றாங்க, தூங்கியிருப்பேன்போல. மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்.”

“வாய மூடிட்டுப் பட்டையப் பிடிடா.”

தம்பியை மோட்டார் போடச் சொன்னேன். ஒருவழியாக மீட்டரில் எண் வந்து நின்றது. மேலாளரைக் கூப்பிட்டேன்.

“நீங்க பக்கத்துல நிக்கறதால போடறான். தினமும் போடறானா?” என்றார்.

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டி நிரம்பட்டும் என்று காத்திருந்து, மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். எண் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வந்தது, அங்கே நிற்காமல் கீழே இறங்கியது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி.

மேலாளர் சிரித்தார். “சென்சார மாத்திக் கட்டிட்டீங்கம்மா.”

முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் கட்டுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற கூத்து. நானே குனிந்து, கட்டின வரிசையை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

“மாத்திக் கட்டியிருந்தா மோட்டார் ஓடும்போதே கழித்தல் காட்டியிருக்கும் சார். தண்ணி திரும்பி வருது.”

அவர் நம்பவில்லை. மோட்டார் தண்ணீர் இழுக்கும் தரைத்தொட்டிக்கு வெளியிலிருந்து வரும் குழாயை அடைத்தேன். மூடியைத் திறந்து நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மூழ்கியது. ஏற்றிய தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கவேண்டிய வால்வு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

“சரி, வால்வ மாத்திடலாம்” என்று அவர் நகர்ந்தார்.

“நில்லுங்க சார். அவன்கிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

அவர் தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, “உன்மேல தப்பில்லப்பா. நாளைக்கு வந்துடு” என்றார். அது போதவில்லை என்று எனக்கு ஆத்திரம். திரும்பினால், தம்பி மோட்டார்மேல் கையூன்றி அழுதுகொண்டிருந்தான்.

“அப்போ நான் தூங்கலையாக்கா?”