தடையின்றி என்றொரு சொல்

'திறந்தவெளி அரங்கின் மேல்படியில் அமர்ந்தால் ஏரி தடையின்றித் தெரியும்.' பல்கலைக்கழகக் கையேட்டில் எழுத்தர் எழுதிய வாக்கியம் இது. அருங்காட்சியகத்துக்கு மூன்று வரி, இசைக்கூடத்துக்கு இரண்டு என்று அளந்து எழுதியவருக்கு, அரங்கு வரியில் மட்டும் ஏதோ குறைவதுபோல் பட்டது. ஓசைக்காகத்தான் 'தடையின்றி'யைச் சேர்த்தார். உண்மையில் நடுவே ஏழு தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. இலை இடுக்குகளில் ஏரி துண்டு துண்டாகத்தான் மினுங்கும். அழகே அதுதான்.

கையேட்டில் உள்ளபடி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக் குழு வருவதற்கு முதல்நாள், தோட்டக்காரர் மூச்சிரைக்க அலுவலகத்துக்குள் வந்தார். எழுத்தருடைய மனைவியின் அண்ணன் அவர்.

"மாப்பிள்ளை, ரம்பத்தோட ஆள் வந்து நிக்குது. ஏழு மரத்தையும் சாய்க்கணுமாம். கூட்டுல கொக்குக் குஞ்சுங்க கிடக்கு, றெக்கைகூட முளைக்கல. கேட்டா, புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குங்கறான். எந்தப் புண்ணியவான் எழுதினானோ!"

எழுத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இருங்க மச்சான், பதிவாளரைப் பாத்துட்டு வரேன்."

பதிவாளர் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஐயா, கையேட்டுல அந்தத் 'தடையின்றி' என் தப்பு. திருத்தச் சீட்டு ஒட்டிடலாம். நானே உக்காந்து ஒட்டறேன்."

"குழுவுக்குப் புத்தகம் போய் ஒரு வாரம் ஆச்சு. வீடு வீடாப் போய் ஒட்டுவியா?"

"மரம் ஐயா... கூடு இருக்கு..."

"நல்லாத்தானேய்யா எழுதியிருக்க? எழுதினபடியே இருக்கட்டும். போ."

படியிறங்கும்போதே ரம்பத்தின் சத்தம் கேட்டது. எழுத்தர் ஓடினார். நான்கு மரங்கள் படுத்துவிட்டன. "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று கெஞ்சினார்.

"உத்தரவு இருக்கா சார்?" என்றான் ரம்பக்காரன். எழுத்தர் இல்லை என்று தலையாட்ட, அவன் ஐந்தாவதுக்கு நகர்ந்தான். எழுத்தர் அரங்கின் மேல்படியில் போய் உட்கார்ந்தார்.

சரிந்த கிளைகளுக்குள் குனிந்து தேடிய தோட்டக்காரர், கூடையோடு மேல்படிக்கு ஏறி வந்தார். "எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"மச்சான், அது வந்து..."

ஐந்தாவது மரம் முறியும் சத்தத்தில் மீதி அமுங்கிப் போனது. "என்ன சொன்ன?" என்று தோட்டக்காரர் காதைக் கொடுத்தார். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றார் எழுத்தர்.

"இதப் புடி மாப்பிள்ளை. ஆறு உசுரு தேறியிருக்கு. என்ன ஊட்டணும்னு நம்ம நூலகத்துல ஏதாச்சும் புத்தகம் இருக்கான்னு பாரு. நீதான் படிச்சவன்."

எழுத்தர் கூடையை வாங்கிக்கொண்டார். ஆறு வாய்கள் அவரைப் பார்த்துத் திறந்தன. எதிரே ஏரி, கண் கூசும்படி, முழுதாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.