தாளோடு கட்டிய வெங்காயம்

சாப்பிட்டு முடிக்கும்வரையாவது கேட்டுவிடாதே, என்று அம்சவேணி மனசுக்குள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். என் பதிலைக் கேட்டு உனக்குச் சோறு இறங்காமல் போனால் அதையும் ஆயுசுக்கும் நான்தான் சுமக்க வேண்டும்.

அவள் குழம்பை மொண்டு ஊற்றினாள். செல்வராஜ் போதுமென்று கையைக் குறுக்கே நீட்டினான். அவள் நிறுத்தவில்லை, அவனும் கையை எடுத்துக்கொண்டான். உரித்த வெங்காயம் முழுசு முழுசாக மிதந்த புளிக்குழம்பு. ஒன்றை நாக்கில் வைத்து அழுத்தியபோது அவன் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினான். தலை குனிந்தபடியே இருந்தான். காசியில் மழித்த தலையில் அதற்குள் நரையோடு முடி முளைத்திருந்தது. அப்பாவின் காரியத்தை அங்கேயும் செய்துவிட்டு, ஊர்க்காரர்களோடு வந்த யாத்திரைக் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து தங்கையைப் பார்க்க டில்லிக்கு வந்திருந்தான். அப்படித்தான் சொன்னான். ஆனால் காலையில் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவன், கொடிக்கம்பியில் தொங்கிய வெங்காயக் கொத்துகளின் அடியில் வெகுநேரம் நின்றதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

கிட்வாய் நகரில் கீழ்த்தளத்து வீடு கிடைத்தவர்களுக்குப் பின்னால் ஒரு துண்டு மண்ணும் கிடைக்கும். சிலர் கொத்துமல்லி போடுவார்கள், சிலர் ஸ்கூட்டர் நிறுத்துவார்கள். அம்சவேணி வெங்காயம் போட்டாள். மாடி வீட்டுக் காமாக்ஷி மாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிண்ணத்தோடு இறங்கி வருவாள். "உங்க டில்லி வெங்காயத்தப் போட்டா சாம்பார் சர்பத்தாட்டம் ஆயிடறதுடி. உன்னோடது ரெண்டு பிடி குடு" என்பாள், டில்லி வெங்காயத்தைக் கண்டுபிடித்ததே அம்சவேணி மாதிரி.

அது அவர்கள் காட்டு வெங்காயம். பெரம்பலூருக்கு மேற்கே, கரிசலுக்கடியில் சுக்கான் கல் கிடக்கிற பூமி. அங்கே எல்லார் காட்டிலும் சின்ன வெங்காயம்தான். ஆனாலும் அவர்கள் வீட்டு வெங்காயத்தைத் தனியாகச் சொல்வார்கள். பச்சையாகக் கடித்தால் முதலில் இனிப்பு வரும். விழுங்கிய பிறகு, எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஆள் மாதிரி, காரம் மெதுவாக வரும். கம்மங்கஞ்சிக்கு அதைக் கடித்துக்கொண்டால் வேறொன்றும் வேண்டாம். குழந்தைகள் நாவற்பழம் தின்பதுபோல மடியில் கட்டிக்கொண்டு தின்றபடி திரிவார்கள். பஞ்சத்தில் ஒரு உப்பு வண்டிக்காரன் தன் மாடுகளுக்குத் தண்ணீர் கேட்டு வந்தானாம், ஊரில் ஒருவரும் இறைத்து ஊற்றவில்லையாம். அவர்கள் வீட்டு முன்னோர் ஒருவர் மட்டும் கிணற்றின் அடித்தண்ணீரை வழித்து ஊற்ற, அவன் உப்புக்குப் பதிலாக ஒரு கை வெங்காயத்தைக் கொடுத்துவிட்டுப் போனானாம். இதை அப்பா ஒவ்வொரு முறையும் சற்று மாற்றிச் சொல்வார். ஒரு தடவை இரண்டு மாடு, ஒரு தடவை நான்கு. வண்டிக்காரன் எந்த ஊர்க்காரன் என்பது மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

சின்ன வெங்காயத்தை விதை தூவி வளர்ப்பதில்லை. காயையே ஊன்ற வேண்டும். ஒன்று ஊன்றினால் பிரிந்து ஐந்தாறாகும், அதில் ஒன்றை எடுத்து மறுபடி ஊன்ற வேண்டும். ஆகவே அந்த உப்பு வண்டிக்காரன் கொடுத்த அதே வெங்காயம்தான் இதுவும் என்பார் அப்பா. விற்பதற்கும் சமைப்பதற்கும் ஆனதைத் தாளை அறுத்து, மூங்கில் தட்டி கட்டிய பட்டறையில் கொட்டுவார்கள். வித்துக்கு ஆனதை மட்டும் தாளை அறுக்காமல், தாளோடு தாளை முடிந்து கூரை மோட்டில் தொங்கவிடுவார்கள். அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. பாகம் பிரியும்போது ஆண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொத்துப் போகும். பெண்ணுக்குப் பித்தளை உண்டு, கறவை மாடு உண்டு. வித்து கிடையாது. வித்து பெண்ணோடு போனால் காடு மலடாகும்.

கல்யாணமாகி அவள் டில்லிக்குக் கிளம்பியபோது அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் நகரும் சமயத்தில் ஜன்னல் வழியாக ஒரு சாக்குப் பொட்டலத்தை மடியில் திணித்து, "கொழம்புக்கு ஆவும்" என்றார். ரயிலில், போபால் தாண்டி, பசித்தபோதுதான் அவிழ்த்தாள். உள்ளே வெங்காயம் தாளோடு முடிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த புதுப் புருஷன் இராஜமாணிக்கம், பெண்ணுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துவர இறங்கினான்.

முதல் வருஷம் எல்லாம் பாழாயிற்று. ஊர்ப் பட்டத்தை நம்பி ஐப்பசியில் ஊன்றினாள். இந்த ஊர்க் குளிர் எப்படிப்பட்டதென்று வெங்காயத்துக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தை பிறந்ததும் தாளுக்கு நடுவிலிருந்து தண்டு கிளம்பி, உச்சியில் வெள்ளை வெள்ளையாக உருண்டை கட்டிப் பூத்தது. அவர்கள் காட்டில் சின்ன வெங்காயம் பூத்து யாரும் பார்த்ததில்லை. மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ஜம்மென்று இருக்கிறது, பறித்து சுவாமிக்கு வைக்கலாமா என்றாள். அம்சவேணி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் காய் இல்லை. வெறும் தண்டு. அத்தனை இனிப்பும் பூவுக்கு ஏறிப்போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சமையலறை ஆணியில் மறந்துபோய் மாட்டியிருந்த ஒரு சின்னக் கொத்துதான் மிச்சம். அதிலிருந்து, குளிர் முறியும் வரை காத்திருந்து தைக் கடைசியில் ஊன்றக் கற்றுக்கொண்டாள். மண்தான் இனிப்புக்குக் காரணம் என்பார் அப்பா. அது உண்மையில்லை. டில்லி மண்ணிலும் அது முதலில் இனித்துப் பிறகுதான் உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கொரு முறை ஊருக்குப் போகையில் அப்பா, யார் இருந்தாலும், "கொழம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்குப்பா" என்பாள். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொள்வார். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

போன தை மாதம், கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து ஊர்க்காரர் பூவராகவன், ராணுவத்தில் இருப்பவர், லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். படியில் எதிர்ப்பட்டவர், "அப்பா காரியத்துல ஒங்களத்தான் தேடுனோம். புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு செல்வராஜ் சொன்னாரு. இப்பத் தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்று சொன்னாள். அவர் இறங்கிப் போகும்வரை சிரித்த முகமாகவே நின்றாள். கையிலிருந்த விபூதியை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் பெண்ணைப் பிடித்து, ஒரு நோவும் இல்லாத அதன் நெற்றியில் பூசினாள். அப்பா போனதைச் சொல்லும் அண்ணனின் கார்டு அதற்குப் பிறகுதான் வந்தது. இராஜமாணிக்கம் டிக்கெட் போடட்டுமா என்றான். யாரைப் பார்க்க என்று கேட்டாள்.

இப்போது அண்ணன் சாப்பிட்டு எழுந்து கூலருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சித்திரை வெயில் கதவிடுக்கு வழியாகக் கத்தி மாதிரி உள்ளே கிடந்தது. ஏஷியாடு விளையாட்டுக்காக ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அங்கே கூலியாட்கள் வெங்காயத்தைத் தரையில் வைத்து முஷ்டியால் குத்தி உடைத்து ரொட்டிக்குக் கடித்துக்கொள்கிறார்கள் என்று இராஜமாணிக்கத்திடம் அதிசயமாகச் சொன்னான். "நம்மளத நசுக்குனா கையில ஒட்டுறதுக்குத்தான் காணும் மாப்ள" என்று சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் பேச்சு அங்கே வந்துவிட்டது.

அப்பா படுத்த வருஷம் அவன் காடு முழுக்கப் புது ரகம் போட்டிருந்தான். காய் பெரிசு, உள்ளே தண்ணீர். பரவாயில்லை, பழசு மோட்டில் இருக்கிறதே என்றிருந்தான். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியிருக்கிறது. அப்பாவின் மூத்திரத்துணி அலசுவதிலும் மருந்து வாங்குவதிலும் யாரும் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. அழுகல் வாடை வந்த பிறகுதான் பார்த்தார்கள். கொத்தைத் தொட்டால் சாறாக வழிந்தது. பங்காளிகளும் எப்போதோ புது ரகத்துக்கு மாறியிருந்தார்கள். சந்தை சந்தையாக அலைந்து கடித்துப் பார்த்ததில் அவனுக்கு வாய் புண்ணானதுதான் மிச்சம்.

"அப்பா ஒனக்கு முடிஞ்சு குடுத்தது எனக்கு அன்னிக்கே தெரியும் வேணி" என்றான். "மோட்டுல எடம் காலியாருந்துச்சு. நான் கேட்டுக்கல."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமல் தனக்கென்று ஒன்றைச் செய்தவர் அப்பா ஒருவர்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறான். காடு மலடாகும் என்ற பயம் அவனுக்கும் இருந்திருக்குமே. அவளுக்குள் எதுவோ இளகியது.

"ஒரு கொத்து குடு, ஆயி. ஆடியில ஊனிப்புடுறேன். அப்பா காட்டுல அப்பா வெங்காயம் இருக்கணும்ல."

இராஜமாணிக்கம் பேப்பரைத் தாழ்த்தி, "குடுத்தனுப்பு வேணி, நமக்கு இவ்வளவு எதுக்கு" என்றான்.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். செல்வராஜ் ஒரு மஞ்சள் பையை உதறியபடி பின்னாலேயே வந்தான். பெண் தமிழரசி ஸ்டூலை இழுத்து வந்து போட்டு, "அம்மா, சம்பால்கே. இது ஆடும்" என்று ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். அம்சவேணி ஏறினாள். அனல் காற்றில் கொத்துகள் ஒன்றோடொன்று உரசிச் சருகுச் சத்தம் எழுப்பின. அவற்றில் நல்லதாக, காய் திரண்டதாகப் பார்த்துத்தான் கையை வைத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள்.

கீழே நின்ற அண்ணனுக்கு அந்த நேரத்தில் அவளுக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணாந்து, குரலைத் தணித்துச் சொன்னான்.

"ஒன்னு சொல்றேன், மனசுல வச்சுக்க. கடைசி நாலஞ்சு நாளும் ஒன்னையத்தான் கேட்டாரு. வேணி வந்துருச்சா, வேணி வந்துருச்சான்னு. அம்புட்டுத் தூரத்துலேருந்து ஒன்ன எதுக்கு அலைய வைக்கிறதுன்னு நான் தந்தி குடுக்கல. ஆனா அவருகிட்ட குடுத்தாச்சுன்னுட்டேன். ரயிலேறிருச்சுப்பா, நாக்பூர் தாண்டிருச்சுப்பா, பெஜவாடா வந்துருச்சுப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த நெனப்புலயே நிம்மதியாப் போனாரு. ஒரு கொறையும் இல்லாமப் போனாரு."

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் அதைத் தன்னிடமிருந்த நல்ல பொருளாகத்தான் எடுத்துக் கொடுத்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

நாலஞ்சு நாள். டில்லியிலிருந்து ரயிலுக்கு இரண்டு ராத்திரிதான். அவள் கணக்குப் போடவில்லை. அது தானாக வந்து நின்றது. அப்பா திருச்சிக்கு வடக்கே எந்த ஸ்டேஷனையும் பார்த்ததில்லை. நாக்பூர் என்று மகன் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு என்ன மாதிரி ஊரை நினைத்திருப்பார்? வெயிலடிக்கிற ஊரா, மழை பெய்கிற ஊரா? பெஜவாடாவில் அவள் சாப்பிட்டிருப்பாளா என்று கவலைப்பட்டிருப்பார். வாசலில் நாய் குரைத்தபோதெல்லாம் தலையைத் திருப்பியிருப்பார். அவள் ஏறாத அந்த ரயிலை அவர் ஒருவரே படுக்கையில் கிடந்து இழுத்து இழுத்து ஊர்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அதே நேரத்தில் அவள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள்? ஸ்வெட்டருக்குக் கழுத்து போட்டுக்கொண்டிருந்தாளோ, ரேடியோ கேட்டாளோ. ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படியாக யாரும் அவளுக்கு அந்த நாட்களைக் கொடுக்கவில்லை.

நகத்திலிருந்து முடிச்சு நழுவியது. கையை எடுத்துக்கொண்டாள். கத்த வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்தாள். பிள்ளைக்கு நோவு என்று ஊரிடமும், வண்டியேறிவிட்டாள் என்று அப்பாவிடமும் சொன்ன உனக்கு, என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லையா என்று. தமிழரசியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"என்ன வேணி, அவுக்க முடியலையா? தள்ளு, நான் ஏறுறேன்."

"வேணாண்ணே."

அவன் ஸ்டூலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வழிக்கு எலுமிச்சஞ்சோறு கட்டித் தர்றேன். தயிர்சோறும் கட்டுறேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு இருந்தது. "வித்து தரமுடியாதுண்ணே."

இராஜமாணிக்கம் கதவருகே வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான். செல்வராஜ் வாய் திறந்த மஞ்சள் பையோடு வெயிலில் அப்படியே நின்றான். தான் சொன்னதில் எது தப்பாகப் போயிற்று என்று அவனுக்கு விளங்கவில்லை. பையை இரண்டாக மடித்தான். பிறகு நான்காக. மடிப்பை உள்ளங்கையால் நீவி நீவி இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தான். அவள் கதவை விட்டு விலகி, அவன் உள்ளே போக வழிவிட்டாள்.