குருவி வராத பள்ளிக்கூடம்

அமெரிக்கச் சிற்றூரான வெஸ்டர்டேலில் முதல் சிட்டுக்குருவி, கர்ட் வெல்ட்காம்ப்பின் அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த மதியச் சாப்பாட்டின்போது, பன்றித்தொடை வைத்த ரொட்டித் தட்டுக்கு அடியிலிருந்து வந்தது. கர்ட்டின் மகள் ஆனிகாவுக்கு அப்போது பத்து வயது. அவள் போதகர் ரிங்னல்டாவிடம், "அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒரு நொடிகூட வலிச்சிருக்காது" என்றார் போதகர். தட்டு லேசாக அசைந்தது. குருவி வெளியே வந்து, காப்பிப் பாத்திரத்தின் மூடியில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டது. கர்ட் கூட்டுறவுச் சங்கத்தின் மக்காச்சோளம் கொட்டிவைக்கும் குதிருக்குள் சுத்தம் செய்ய இறங்கியவர், சோளம் சரிந்து மூடி இறந்திருந்தார். குதிரின் தகரத்தை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு குருவியைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. யாரோ சன்னலைத் திறந்துவிட்டார்கள், எலுமிச்சை இனிப்புத் துண்டங்கள் பரிமாறப்பட்டன.

அன்றிரவு வீட்டில் ஆனிகா தன் அம்மா ஜானெலிடம், "அப்பா நம்மளக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள். ஜானெல், "இல்லடா தங்கம், சத்தமே இல்லையாம்" என்றாள். அது பொய். குதிருக்கு மேலே கயிற்றைப் பிடித்து நின்றவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார், அதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜானெல் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெண்ணெய்க் கிண்ணத்திலிருந்து இரண்டாவது குருவி வந்தது. அதன்பின் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று வந்துகொண்டே இருந்தன. பல் மருத்துவர் "வலிக்கவே வலிக்காது" என்றபோது அவருடைய கையுறைப் பெட்டியிலிருந்து ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ஆசிரியையின் பெப்பர்மின்ட் மிட்டாய்ப் பையிலிருந்து ஒன்று. இந்த ஊரில் பிள்ளை கேட்ட கேள்வியைப் பதில் இல்லாமல் விடுவது வழக்கமில்லை. வருஷத்தின் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் வேதபாடக் கேள்வியும் பதிலும் அச்சிட்ட புத்தகத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த சனங்கள் இவர்கள். "தெரியாது" என்பதைப் பன்றிக்கொட்டில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதைப் போன்ற ஒழுங்கீனமாக நினைத்தார்கள். ஆகவே கேள்வியால்தான் குருவி வருகிறது என்று முடிவு கட்டினார்கள். பதிலைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனிகா மாவட்டத் தலைநகரின் அரசு நடுநிலைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போனாள். எழுநூறு பிள்ளைகள் படிக்கிற இடம். அக்டோபருக்குள் உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பத்து மூன்று குருவிகள் இருந்தன. கூடைப்பந்துப் புள்ளிப் பலகையின் மேல் கூடு கட்டி, உள்ளூர் அணியின் புள்ளிகளை மறைத்தன. ஒரு நாளைக்கு இரண்டு கேள்விக்கு மேல் மாணவி கேட்கக் கூடாது என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சொல்பேச்சு கேட்கிற பெண், அந்த இரண்டையும் விட்டுவிட்டாள். நவம்பரில் நன்றி கூறும் பண்டிகை வருவதற்குள் உப்பு எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தாள். குருவிகள் வருவதும் நின்றது. மாணவியின் முன்னேற்றத்தைப் பாராட்டி இன்னொரு கடிதம் வந்தது. ஜானெல் அதைப் படித்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பன்றிக்கு எதற்குக் கண்ணிமை மயிர் என்று வழியெல்லாம் கேட்டு அப்பனைத் திணறடித்த பிள்ளை அது. புருஷனைச் சோளம் மூடியது, மகளை மௌனம் மூடிக்கொண்டிருந்தது. இதை இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று அவளுக்குப் பயம் வந்தது.

கர்ட்டின் அக்கா லொரெய்ன் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவள். அவளுடைய பையன்கள் நகரத்திலிருக்கும் பெரிய கிறிஸ்தவப் பள்ளியில் படித்தார்கள். ஒரு சனிக்கிழமை மூவரும் போய்ப் பார்த்தார்கள். தரைவிரிப்பு, நீச்சல் குளம், காற்றில் நறுமணம், எதற்கும் குறைவில்லை. ஜானெல் முன்னெச்சரிக்கையாக ஒரு தலையணை உறை எடுத்துப் போயிருந்தாள். சேர்க்கை அலுவலர், "என்ன வேணா கேளும்மா, வெக்கப்படாத" என்றார். ஆனிகா அம்மாவைப் பார்த்தாள். "கேளேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று லொரெய்ன் முழங்கையால் இடித்தாள். இங்கே யாராவது யாரையாவது கேலி செய்வார்களா என்று ஆனிகா கேட்டாள். பண்ணவே மாட்டார்கள் என்றார் அலுவலர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குருவி வந்தது. எனக்கு இந்த இடம் பிடிக்குமா என்று கேட்டாள். நிச்சயம் பிடிக்கும் என்றார். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு வந்தன. அவர் அசரவில்லை. படைப்பின் மகிமை என்று சொல்லி, அடுத்த வருஷ விளம்பரத் தாளுக்கு அவளைக் குருவிகளோடு நிறுத்திப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். ஜானெல் மூன்றையும் தலையணை உறைக்குள் பிடித்துப் போட்டுக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனிகா வாயை முன்னைவிட இறுக்கி மூடிக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஊருக்குக் கிழக்கே, சோளக்காட்டு நடுவில் இருந்த சிறிய பள்ளி. ஆறு முதல் எட்டுவரை மூன்று வகுப்புக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். "அது பள்ளிக்கூடமா, தபால் பெட்டியா?" என்றாள் லொரெய்ன். "வாத்தியக் குழுன்னு ஒண்ணு இருக்காம். ஒரு ஊதுகொம்பு, மூணு குழல். கால்பந்துக்கு ஆள் பத்தாம எதிர் அணியில கடன் வாங்குறாங்களாம். எம்பையன் சொல்லிச் சிரிக்கிறான்." ஜானெலுக்கும் கலக்கம்தான். ஒரு தாய் பிள்ளைக்கு நல்லதைத் தேடும்போது, கூரையில் நீல நிறத் தார்ப்பாய் கட்டிய கட்டிடம் நம்பிக்கை தருவதில்லை. ஆனால் அரசுப் பள்ளியும் வேண்டாம், பெரிய பள்ளியும் வேண்டாம் என்றான பிறகு அவளுக்கு வேறு போக்கிடமில்லை. வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமென்றால் அவள் முதியோர் இல்லத்தில் பகல் முழுவதும் வேலை பார்க்கிறவள்.

அவர்கள் போனபோது தலைமையாசிரியர் ஹார்லன் டைக்மா கூரையில் இருந்தார். பள்ளிப் பேருந்தை ஓட்டுபவரும், கணக்குச் சொல்லித் தருபவரும், குழல் வாசிக்கப் பழக்குபவரும் அவர்தான். ஏணியில் பாதி இறங்கி நின்று, தார் படிந்த கையைக் காட்டி, கைகொடுக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். இங்கே நூலகம் எப்படி என்று ஜானெல் விசாரித்தாள். "சுமார்தாம்மா. பாதிப் புத்தகம் எங்க மாமியார் வீட்டுது" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வார்களா என்று கேட்டாள். "பண்ணுவாங்க. பத்தொம்போது பேர்ல ஒளிஞ்சுக்க இடமில்ல, அதனால சீக்கிரம் மாட்டிக்குவாங்க."

ஆனிகா ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரமாகத் தானாக ஒரு கேள்வியும் கேட்காத பெண், யாரும் இடிக்காமல் வாய் திறந்தாள்.

"கூரை ஏன் ஒழுகுது?"

ஜானெல் தலையணை உறையைப் பிரித்துப் பிடித்தாள்.

"போன வருஷம் நான்தான் ஒட்டினேன். சரியா ஒட்டல" என்றார் டைக்மா.

ஒன்றும் வரவில்லை. காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. ஆனிகா இரண்டடி முன்னால் போனாள்.

"எங்க அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

டைக்மா ஏணியிலிருந்து முழுவதும் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அன்னிக்கு மண்வாரி எடுத்துட்டு வந்த கூட்டத்துல நானும் இருந்தேன். வலிச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா தெரியாது."

ஜானெல் தொப்பிக்குள் பார்த்தாள். தார் வாளியைப் பார்த்தாள். ஏணிக்குப் பின்னால், அவருடைய சட்டைப் பைக்கு நேரே, எங்கும் பார்த்தாள். குருவி இல்லை. வெஸ்டர்டேலில் ஒரு வருஷத்துக்கும் மேலாக எல்லாரும் தேடிய மருந்து இவ்வளவுதானா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. சேர்க்கைப் படிவத்தை வண்டியின் முன்மூடி மேல் வைத்து அங்கேயே நிரப்பினாள். ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு இருபது மணி நேரம் பள்ளிக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில், கூரை வேலை என்று எழுதினாள்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் ஆனிகா கால் மைல் தூரம் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு, "அம்மா, அப்பா நம்மளக் கூப்பிட்டாரா?" என்றாள். ஜானெல் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். இருபக்கமும் அறுத்த சோளத்தாள், மேலே வெள்ளையாக வானம். அவள் மகள் பக்கம் திரும்பினாள். "கூப்பிட்டார். உம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எம்பேரையும். கொஞ்ச நேரம் கூப்பிட்டுட்டே இருந்தாராம். அப்புறம் கேக்கலையாம்" என்றாள். இரண்டு பேரும் வண்டிக்குள் சுற்றிப் பார்த்தார்கள். பழக்கதோஷம். குருவி வரவில்லை. பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து டயர் பஞ்சரா என்று கேட்கும்வரை. அன்றிரவு ஆனிகா உப்பு எங்கே என்று கேட்டாள்.

அடுத்த இரண்டரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனிகா ஒரு நாளைக்குச் சராசரியாக முப்பது கேள்வி கேட்டாள். பெரும்பாலானவற்றுக்கு டைக்மா தெரியாது என்றார், அல்லது மறுநாள் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி மறுநாள் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கு வரும் விருந்தினர்களால்தான் குருவிகள் வந்தன. அலுவலகத்தில் தாள் தைக்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா தினை வைத்திருந்தார்கள். போதகர் ரிங்னல்டா சில பிரசங்கங்களைச் சுருக்கிக்கொண்டார். லொரெய்ன் மட்டும் மாறவில்லை. அவள் வந்துபோனால் வீட்டில் இரண்டு குருவியாவது இருக்கும், அவளே அவற்றைப் பிடித்து வெளியே விட்டுவிட்டுப் போவாள். கூரை ஒழுகுவது நின்றது, ஆனால் பிள்ளைகள் பதின்மூன்றாகக் குறைந்தார்கள். சோளத்துக்கும் பன்றிக்கும் விலை இறங்கி, குடும்பங்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

ஆனிகாவின் எட்டாம் வகுப்பு முடிவு விழாவில் நான்கு பிள்ளைகள் சான்றிதழ் வாங்கினார்கள். டைக்மா நான்கு பெயரையும் மெதுவாகப் படித்தார், சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதுபோல். கடைசியில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஆனிகா எழுந்தாள். "அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் இருக்குமா, மிஸ்டர் டைக்மா?"

கூடத்தின் முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைக்மா அவர்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இருக்கும்" என்றார்.

அவருடைய கோட்டுப் பையிலிருந்து ஒரு குருவி வந்தது. சின்னக் குருவி. தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டைக்மாவின் காது சிவந்துவிட்டது. ஆனிகா போய் அதை இரண்டு கையாலும் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல சார்" என்றாள்.

ஜானெல் பக்கத்திலிருந்த சன்னலைத் திறந்தாள். பிறகு எல்லாரும் பள்ளியின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பன்றித்தொடை ரொட்டி சாப்பிட்டார்கள்.