சத்தம் இல்லாத மழை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நான் என் மனைவிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூட்டு அறுவை செய்துகொண்ட தன் அக்காவுக்குத் துணையாக அவள் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. போன இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை போனில் சொன்னாள்.

"திங்கக்கிழமை காலையில அவங்களுக்குச் சொல்லியாகணும். நான் இங்கேயே இருந்துடட்டுமா, திரும்பி வரட்டுமா? எதுவா இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு சொல்லுவாங்க. எதுக்குச் சம்மதம்னுதான் இத்தனை வருஷமா எனக்குப் புரியல. இந்தத் தடவை நானே புரிஞ்சுக்கிறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருத்தி போக நினைக்கும்போது வழியை மறித்துக்கொண்டு பேசுவது அநாகரிகம் என்று நம்பியிருந்தேன். உண்மையான அன்பு வாயைத் திறக்காது, ஒதுங்கி நிற்கும். இதை நான் எங்கே படித்தேன் என்று யாராவது கேட்டால் வெட்கமாக இருக்கும். ஒரு சினிமாவில்.

கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பது என் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்க ஊரையே கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும் வாயில் பூட்டு விழுந்துவிடும். என் தம்பி இதற்கு நேர்மாறு. அவன் தூங்கும்போதும் பேசுவான். வீட்டில் எல்லோருக்கும் அவன் ரேடியோதான். அப்பாவின் பேச்சும் சேர்த்து அவனுக்கே போய்விட்டது, எனக்கு மிச்சமில்லை என்று அம்மா சொல்வாள்.

சிறுவயதில் எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. டிவியில் வந்தபோது அப்பா வீடியோ கேசட்டில் பதிந்துவைத்தது. பள்ளி விடுமுறை நாட்களில் அதையே போட்டுப் போட்டுப் பார்ப்போம். அதில் ஒரு படகுத்துறைக் காட்சி. மழை கொட்டுகிறது. நாயகி படகுக்காக நிற்கிறாள். "நான் போகட்டுமா?" என்று கேட்கிறாள். அவளுடைய முகம் மட்டும் நமக்குத் தெரிகிறது. நாயகனின் முதுகுதான் தெரியும். அந்த இடத்தில் படத்தின் சத்தம் மொத்தமும் நின்றுவிடும். மழை பெய்யும், ஓசை இருக்காது. அவன் ஒரு சொல்கூடச் சொல்லமாட்டான். நாற்பது விநாடி. அவள் கண் நிறையும், படகில் ஏறுவாள். பிறகு மோட்டார் சத்தம் கேட்கும்.

கல்லூரியில் அந்த நாற்பது விநாடியைப் பற்றி இருபது நிமிடம் பேசிப் பரிசு வாங்கினேன். மழையை ஊமையாக்கத் துணிந்த இயக்குநர் என்றெல்லாம் சொன்னேன். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பாவம்ங்க. ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள். இவளுக்குச் சினிமா தெரியவில்லை என்று நினைத்தேன். அடுத்த வருடம் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ரேடியோ மடிக்கணினியோடு வந்து நின்றான்.

"அண்ணா, உன் படத்தைச் சுத்தம் பண்ணி நெட்ல விட்டிருக்காங்க. அண்ணி இல்லாம மூஞ்சி தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன்னு தெரியும். நகரு."

ஆறு மணி விஷயம் அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

படம் ஓடியது. முன்பு விழுந்து விழுந்து சிரித்த நகைச்சுவைப் பகுதியில், குண்டான ஒரு பெண் நாற்காலியோடு சாய்வதைத் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் இருவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதும் ஓட்டித் தள்ளிவிடும் அந்த மெதுவான பாட்டை இந்த முறை ரேடியோகூடப் பேசாமல் கேட்டான். வில்லனாகத் தெரிந்த நாயகியின் அப்பா, வேலை இல்லாத பையனிடம் "என்ன செய்யப்போறே?" என்றுதான் கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்த வயதில் அதற்காக அவரை வெறுத்திருக்கிறோம்.

"நமக்கு வயசாயிடுச்சு, நாம அவர் கட்சிக்கு மாறிட்டோம்" என்றான் ரேடியோ.

படகுத்துறை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

மழை இரைச்சலாகக் கேட்டது. அதற்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவன் பேசினான்.

"போகாதே. என்னன்னு சொல்றது, எனக்குச் சொல்ல வரல. நேத்து ராத்திரி எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன், எல்லாம் மறந்துடுச்சு. நீ போனா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல, பயமா இருக்கு. போறதுன்னா போ. ஆனா நான் சொல்லலேன்னு இருக்கக் கூடாது."

அவள் கண் நிறைந்தது. படகில் ஏறினாள். மோட்டார் சத்தம்.

நான் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டேன். அதே பேச்சு. குரல்கூடச் சுமார்தான்.

"இதுல ஏதோ சேர்த்திருக்காங்க" என்றேன்.

ரேடியோ பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. திரும்பினேன். டம்ளரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சேர்க்கல, அண்ணா. நம்ம கேசட்லதான் போயிடுச்சு. அந்த மெஷின்ல படத்தை விட்டுட்டுச் சத்தத்தை மட்டும் மாத்திப் பதியறதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சில்ல? ஹீரோவுக்குப் பதிலா நான் பேசிப் பார்க்கலாம்னு அமுக்கினேன். மைக் செருகலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்கு ஏழு வயசு. அப்பா பதிஞ்ச மறுநாள், நீ இன்னும் பார்க்கவே இல்ல."

"ஏன் சொல்லல?"

"அப்பா அடிப்பாருன்னு சொல்லல. அப்புறம் நீ அந்தச் சீனைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆட ஆரம்பிச்சே. காலேஜ்ல பரிசு வேற வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது? நான் பொறந்ததுல இருந்து வாயை மூடிக்கிட்டு இருந்தது இந்த ஒரு விஷயத்துலதான்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. படத்தை நிறுத்தினேன். திரையில் ஆறு அசையாமல் நின்றிருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படமாக எடுத்துக்கொண்டால் எங்கள் கேசட்தான் மேல். அந்த வசனம் காட்சியைக் கொஞ்சம் அசடாக்கிவிடுகிறது. ஏழு வயதுப் பையனின் விரல் இயக்குநரைவிடத் தேர்ந்த வேலை செய்திருக்கிறது. ஆனால் நான் படமில்லை. என் மனைவி என் முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை படகுத்துறைகளில் நின்றிருப்பாள்? வேலையை விடட்டுமா என்று கேட்ட நாள். இரண்டாவது கரு கலைந்து, ஆஸ்பத்திரியில் என்னை ஏதாவது சொல்லச் சொன்ன நாள். நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். கம்பீரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"நீ இப்போ கிளம்பு" என்றேன்.

"கோபமா?"

"இல்லடா. ஒரு போன் பண்ணணும். நீ பக்கத்துல இருந்தா உன்னையே பேச விட்டுடுவேன்."

அவன் சிரிக்காமல் போனான். மணி ஒன்றரை. நான் எண்களை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க?"

"வந்துடு" என்றேன். "இல்ல, வேலை பிடிச்சிருந்தா சேர்ந்துக்கோ. நான் அங்க வரேன். கண்ணாடிக் கடை எங்கேயும் இருக்கு. வீட்டுல ரெண்டு சாவி இருக்கு, ரெண்டையும் நானே வெச்சுக்கிட்டிருக்கேன், அது நல்லாயில்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசாம நின்னேன். அழுதுடுவேன்னு பயம். வேற ஒண்ணுமில்ல. எனக்கு இதையெல்லாம் வரிசையா சொல்ல வரல."

மறுமுனையில் ஓசையே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதிலுக்காக நிற்பவர்களுக்கு நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"யாரு எழுதிக் கொடுத்தது? ரேடியோவா?" என்றாள் கடைசியில்.

"நானேதான்."

"தெரியுது. அவர்னா இன்னும் நல்லா எழுதியிருப்பார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில என்ன சொல்ல நினைச்சீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்றதுன்னு அப்புறம் பார்க்கலாம்."

நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன்.