மூன்று நெகடிவிலும் ஒரே கறை

1

இந்தக் கதை திருட்டுக் கதை. ஒளிப்பானேன்? பாப்பாரப்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல், "கறையச் சுத்தமா எடுத்துட்டேனுங்க சார்" என்றது. பதிலுக்கு ஓர் ஆண்குரல் "ஐயோ!" என்றது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரி: "1987ஆம் ஆண்டு, மாசி மாதத்து வானம் கரும்பட்டை விரித்தாற்போல..." வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது.

2

அந்த "ஐயோ"வுக்கு முனிராஜ் என்று பெயர் வைத்தேன். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். போன வருஷம் வால் நட்சத்திரம் வந்தபோது ஊரே வானத்தைப் பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. இவன் மட்டும் மறக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை கேமராவைத் தூக்கிக்கொண்டு தீர்த்தமலைப் பக்கம் போய்விடுவான்.

திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேகம் இருக்கிறது. ஹைட்ரஜன் மேகம், தனக்கென்று ஒரு சிவப்பு வைத்துக்கொண்டு, அதில் மங்கலாக மினுங்கிக்கொண்டிருப்பது. லென்சுக்கு முன்னால் அடர்சிவப்புக் கண்ணாடி மாட்டி மற்ற வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு, வெகுநேரம் திறந்துவைத்தால் பிலிமில் கொஞ்சம் ஒட்டும். வானம் சும்மா நிற்குமா? அது நகர நகர, கதவுக் கீல் பூட்டிய பலகையில் கேமராவை வைத்து, திருகாணியைத் தூக்கக் கலக்கத்தோடு திருகிக்கொண்டே இருப்பான்.

(விஞ்ஞானம் இத்தோடு போதும். எனக்கே பாதிதான் புரிந்தது.)

அவன் மனைவி பாஞ்சாலி இதை நம்பவில்லை. "அமாவாசைக்கு அமாவாசை வூட்ட விட்டுப் போற ஆம்பளைய எந்த ஊர்ல நம்புவாங்க?" என்றாள். தெருவில் பாதிப்பேர் பொம்பளை விஷயம் என்றார்கள், பாதிப்பேர் புதையல் என்றார்கள். புதையல் என்றால் பொறுத்திருப்பாள். இண்டூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அப்படி என்னத்தத்தான் பாக்கறீங்கன்னு படத்துல காட்டுங்க, வரேன்."

3

மூன்று அமாவாசைக்கு மூன்று நெகடிவ். ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல் திட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. தனியாகப் பிரிண்ட் போட்டால் தெரியாது. மூன்றையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் போட்டால் திட்டு தடிக்கும். அப்படித்தான் போடவேண்டும் என்று சொல்லி ஸ்டுடியோவில் கொடுத்திருந்தான்.

இருட்டறை. சிவப்பு பல்பு. கரைசலில் வெள்ளைத் தாள் மிதக்கிறது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தாள் மெல்லக் கறுக்கிறது, பொடிப்பொடியாக நட்சத்திரங்கள் மிஞ்சுகின்றன. அவற்றின் நடுவே, பால் கொதிக்குமுன் ஆடை அசைவதுபோல், ஏதோ ஒரு வெளுப்பு திரண்டு வருகிறது, நடுவில் ஒரு வெற்றிடத்தோடு. தட்டை ஆட்டியபடி பாஞ்சாலி நிற்கிறாள். அவள் திரும்பி...

இது எதுவும் நடக்கவில்லை. முனிராஜ் ஸ்டுடியோவுக்குப் போகிற பஸ்ஸில் தூங்கிவிட்டான்.

4

மிக்கேலம்மாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்குரலுக்கு நான் வைத்த பெயர் அது; ஸ்டுடியோக்காரர் ஞானராஜின் மனைவி, டச்சிங் வேலை அவளுடையது. முகத்தில் பரு, மச்சம், அம்மைத் தழும்பு எதுவானாலும் நெகடிவில் பென்சிலாலோ பிளேடு முனையாலோ சரிசெய்துவிடுவாள். முதலில் அவளை ஒரு கவனக்குறைவான பெண்ணாக எழுதினேன். அப்படிப்பட்டவளுக்கு அந்தத் திட்டு கண்ணிலேயே பட்டிருக்காது. எழுதியதை அடித்துவிட்டேன்.

அவள் அக்கறையாகவே சுரண்டியிருந்தாள்.

"ஐயோ!" என்றான் முனிராஜ். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான்.

"ஈரத்துல பூத்த கறைன்னு நெனச்சேனுங்க சார். மொத பிலிம்ல எடுத்தேன். ரெண்டாவதுல பாத்தா அதே எடம். மூணாவதுலயும் அதே எடம். என்னடா இது, அளவெடுத்த மாதிரி படிஞ்சிருக்குதேன்னு எனக்கே ஆச்சரியமா போச்சுங்க."

அவன் அழுகையை நிறுத்தினான். "இன்னொருக்கா சொல்லுங்க அக்கா."

"மூணுலயும் ஒரே எடமுங்க."

ஈரம் மூன்று பிலிமில் ஒரே இடமாகப் பார்த்துப் பூக்காது. வானத்தில் அங்கே ஏதோ இருந்திருந்தால்தான் முடியும்.

"என்கூட இண்டூர் வரைக்கும் வந்து இதையே சொல்றீங்களா?"

5

பாஞ்சாலி படத்தைப் பார்த்தாள். நட்சத்திரங்கள், நடுவில் வெறும் கறுப்பு. மிக்கேலம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"மேகம் இருந்துச்சுன்னு சாட்சி சொல்ல, அத அழிச்சவங்களையே கூட்டியாந்துட்டீங்களா?" சிரித்துவிட்டாள். "அக்கா, எங்க கல்யாணப் போட்டோவுக்கு டச்சிங் பண்ணதும் நீங்கதான?"

"ஆமா கண்ணு. கன்னத்துல தழும்பு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"படத்துல இல்லேங்கறதுக்காவ எந் தழும்பு எங்கயும் போயிடல. அந்த மேகமும் இருக்கும். நம்பறேன்."

(முடிவு ஒன்று: இங்கேயே நிறுத்தி இருவரையும் பஸ் ஏற்றிவிடலாம். ஏற்றப் பார்த்தேன். அவள் ஏறவில்லை.)

பாஞ்சாலி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"யார் கண்ணுக்கும் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியுது. எந்தக் கன்னத்துல தழும்பு? சொல்லுங்க, வரேன்."

முனிராஜ் என்னைப் பார்க்கிறான். சொல்லிக்கொடுக்கலாமென்று பக்கங்களைப் புரட்டினேன். மேகத்துக்கு நிறம் எழுதியிருக்கிறேன், திசை எழுதியிருக்கிறேன். அவள் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மிக்கேலம்மாளுக்குத் தெரியும், அவள் வாய் திறக்கமாட்டாள்.

இடதா, வலதா? நீங்களே சொல்லுங்கள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள், முந்தானைக்குள்ளே அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.